பெரும் புயலும் சரிவு நிலங்களின் மண் சேதமும்

புயல் என்றவுடன் காற்றின் கொடுமையையே குடியானவர்கள் நினைக்கின்றனர். நிலத்தை நெடுங்காலத்திற்குக் கெடுப்பது பெரும்பாலும் மழையேயாகும். 1998-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் மத்திய அமெரிக்காவைத் தாக்கிய ‘மிட்ச்’ என்னும் புயல் இதற்குத் தக்க சான்று.

26-ந் தேதி கடலில் அதன் காற்று மணிக்கு 180 மைல் வேகம் கொண்டிருந்தது. 29-ந் தேதி ஹொண்டுராஸ் தேசத்தில் கரையேறியபோது வேகம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. ஆயினும் புயல் மிக மெதுவாக நகர்ந்தபடியால் மேகங்கள் மலைகளின்மேல் தங்கிப் பொழிந்தன. சொலுதேகா நகரில் ஒரு வாரத்திற்குள் ஏறக்குறைய 36 அங்குல மழை பெய்தது. நனைந்து நிறைந்த மண் அதற்குமேல் ஜலத்தை ஏற்காது. பெய்ததனைத்தும் ஓடைகளில் திடீர் வெள்ளமாய்ப் பாய்ந்தது. நிகராகுவாவில் காசீத்தா எரிமலையின் சரிவு 30-ந் தேதி இடிந்து, சேறும் கல்லுமாய் இறங்கிச் சுமார் 2,000 பேரை மாய்த்தது. எல்லாத் தேசங்களிலும் மாண்டவர் 11,000-க்கு மேற்பட்டவர்.

பின்னர் எரிக் ஹோல்ட்-ஹிமேனெஸ் என்பவர் நடத்திய ஆராய்ச்சியே நமக்கு முக்கியமானது. ஹொண்டுராஸ், நிகராகுவா, குவாத்தமாலா ஆகிய தேசங்களில் 1,804 நிலங்களை, மண்காப்பு முறை கையாண்டதும் கையாளாததுமாக அடுத்தடுத்து ஒப்பிட்டு, விவசாயிகளே அளந்தனர். மண்காப்பு செய்த நிலங்களில் மேல்மண் 20 முதல் 40 சதவிகிதம் வரை அதிகமாக நின்றது, ஈரமும் மிகுதி, அரிப்பும் குறைவு. அம்முறைகள் பெருஞ்செலவுடையன அல்ல. சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக வெட்டிய வாய்க்கால், கல் வரப்பு, புல்லால் அமைந்த உயிர்வேலி, தழையுரப் பயிர், தட்டைகளை எரியாமல் நிலத்திலேயே பரப்புதல் ஆகியவையே. ஹொண்டுராஸின் வடபகுதிக் குடியானவர்கள் மக்காச்சோளத்துடன் மாற்றிப் பயிரிடும் தழையுரம் பூனைக்காலி இனத்தைச் சேர்ந்தது. (அரிப்புண்டாக்கும் சுணையற்ற வகையென்பதால் அஞ்சவேண்டியதில்லை.) தென்மேற்கில் லெம்பீரா பகுதியினர் காட்டை எரிக்காது, மரங்களின் கிளைகளை மட்டும் கழித்து மூடாக்கிட்டு, அதனிடையே விதைக்கின்றனர்.

ஆனால் இம்முறைகளுக்கும் எல்லையுண்டு. மழை மிகக் கடுமையாய்ப் பெய்த செங்குத்தான இடங்களில் இருவகை நிலங்களுக்குமிடையே வேற்றுமை குறைந்தது. மேட்டிலிருக்கும் அயலான் நிலம் சரிந்தால், கீழே ஒருவன் பத்து வருஷம் பாடுபட்டு இட்ட வரப்பும் புதையும். எனவே மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஓடையின் தலைப்பிலிருந்து அடிவரையுள்ள நிலங்களை ஒரே நிலமாகக் கருதி, வேலையை மேட்டிலிருந்தே தொடங்கவேண்டும். பள்ளத்திலிருந்து தொடங்கினால், மேலிருந்து திரண்டு வரும் ஜலத்தைத் தாங்கமாட்டாமல் முதற் பெருமழையிலேயே வரப்பு உடையும்.