சுடுசொற்கள் சில

பிறரை வருத்துஞ் சொற்கள் யாவும் வசைச்சொற்கள் அல்ல. நாடோறும் வழங்கும் எளிய சொற்களே, சொல்வோர் அறியாமலே கேட்போர் உள்ளத்தை உறுத்துவதுண்டு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனத் தகுதி வழக்கினை மூன்றாக வகுத்தனர் நம் இலக்கண நூலார். கேட்போர் கூசாவண்ணம் பேசும் நெறி தமிழுக்குப் புதியதன்று என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் அந்நெறியை நாம் எல்லாரிடத்தும் கைக்கொள்கின்றோமா? அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள் கேட்டுக் கேட்டு வெறுத்த சொற்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது, கூலி என்னுஞ் சொல். இஃது இழிசொல் அன்று. திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், உடல் வருந்த முயல்வோன் அடையும் பயனைக் குறிக்க வள்ளுவரே இச்சொல்லை ஆண்டுள்ளார். வேலைக்குப் பெறும் ஊதியம் என்பதே தமிழில் இதன் பொருள். ஊதியத்திற்கு உழைப்பவன் கூலியாள். ஆங்கிலேயர் வாயிலோ ஊதியத்தின் பெயர் மனிதனுக்கே பெயராயிற்று. அவர்கள் வழங்கிய சொல் தமிழிலிருந்து பிறந்தது என்பார் ஒரு சாரார். மேற்கிந்தியாவின் கோலி என்னுங் குலப்பெயரிலிருந்து பிறந்தது என்பார் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், ஒருவனை அவன் பெறும் விலையால் அழைப்பது அவனைப் பண்டமாக்குவதன்றோ? தென்னாபிரிக்காவில் காந்தியடிகளைக் 'கூலி பாரிஸ்டர்' என்று வெள்ளையர் அழைத்ததை யாவரும் அறிவர். பட்டமும் பதவியும் அச்சொல்லின் வடுவை மறைக்கவில்லை.

இரண்டாவது, கள்ளத்தோணி. இச்சொல்லின் குற்றம் பொய்ம்மை. கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னரும், தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று அழைத்து வரப்பட்டவர்களே இம்மக்களின் முன்னோர். மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கு உட்பட்டு, தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரவில்லையைத் தாங்கி, 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியோர் பலர். அதற்கு முன் வந்தோர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர்; வழியில் மடிந்தோர் அநேகர். அரசும் தோட்ட முதலாளிகளும் அறிய வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை, அதுவும் இந்நாட்டிற் பிறந்தவர்களை, களவாக வந்தோர் எனல் எங்ஙனம் பொருந்தும்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த காலத்தில், இச்சொல் வெறும் ஏளனமாக நிற்கவில்லை, அச்சுறுத்தலாயிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு நாடுகளும் உடன்பட்டன. சொல் சுடுவதற்கு அதன் பின்னே நிற்கும் சட்டமும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக் குறை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

மூன்றாவது, தோட்டக்காட்டான். இதனை வழங்கியோர் வேற்று மொழியினர் அல்லர், தமிழராகிய நாமே. தோட்டம் என்பது இனிய சொல். 'எங்கள் தோட்டம்' என்று அம்மக்கள் சொல்லும்போது அதில் அன்பு ததும்பும். அதனோடு காட்டையும் ஆன் விகுதியையும் சேர்த்து இகழ்ச்சியாக்கியது நமது நாவே. நாம் விடுதி மாணவராயிருந்த காலத்தில் அட்டன் பக்கத்துத் தோழர் ஒருவரை இப்பெயராலேயே அழைத்து வந்தோம். பகையினால் அன்று, பழக்கத்தினால். அவரும் சிரித்துக்கொண்டே ஏன் என்பார். ஆனால் வீட்டு முகவரி கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லார். அட்டன் கடைத்தெருவில் ஒரு கடையின் முகவரியையே எழுதிக் கொடுப்பார். பல்லாண்டுகள் கழித்து ஆசிரியராக அப்பகுதிக்குச் சென்று, தம் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசிய வேறு பிள்ளைகளைக் கண்ட பின்னரே அதன் காரணம் நமக்கு விளங்கிற்று. அச்சிரிப்பு உடன்பாடு அன்று. நாம் அதனைப் பொறுமை என்றும் உணரவில்லை.

இனி, இகழ்ச்சியில்லாத சொற்களும் சலிப்பூட்டுவதுண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இம்மக்களை இந்தியத் தமிழர் எனத் தனியே வகுத்தது. அதில் வசை இல்லை. ஆயினும் தலைமுறை பல கடந்தும் ஒருவரை நோக்கி 'நீர் வேற்று நாட்டவர்' என்று நினைவூட்டுவது போல் அது ஒலிக்கின்றது. இன்றும் அப்பெயரை வேண்டுவோர் சிலர் அவர்களுள் உளர் என்பதும் உண்மை. கல்வி கற்ற இளைஞரும் எழுத்தாளரும் 1960களில் ஊக்கத்துடன் வழங்கிய மலையகம் என்னும் பெயரோ அம்மக்கள் தாமே தமக்குச் சூட்டிக்கொண்டது. அப்பெயராலேயே 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, தம் முன்னோர் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தனர். மற்று, மேடைதோறும் கேட்கும் 'நாட்டின் முதுகெலும்பு' என்னும் புகழ்மொழியும் அவர்களுக்கு இனிப்பதில்லை. லயத்து அறையின் ஒழுகும் கூரையின் கீழ் வாழ்வோருக்குப் புகழ்ச்சியும் ஒருவகை உறுத்தலே.

ஆதலின் மாணவர் கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்றைக் கூறி அமைவாம். ஒரு சொல் தகுமோ தகாதோ என்று அகராதியைக் கேட்பது போதாது. அச்சொல்லால் அழைக்கப்படுபவர், அயலார் முன்னிலையில் தம்மை அவ்வாறே சொல்லிக்கொள்வாரா என்று கேட்டல் வேண்டும். சொல்லிக்கொள்வாராயின் அது பெயர்; இல்லையாயின் அது சுமை. கொழுந்துக்கூடையைச் சுமக்கும் தாயை 'நீ, வா' என்று இளைஞர் ஒருமையில் அழையாது, அம்மா என அழைத்தலும் இவ்வளவுகோலின்பாற் பட்டதே. நம் தோழருக்கு நாம் செலுத்த மறந்த மரியாதையை இக்கல்லூரியின் இளைய மாணவராவது தவறாது செலுத்துவாராக.