வகுத்தலில் தவறிய சில்லு

நாம் வாழும் காலத்தைக் கணிப்பொறிக் காலம் என்று அழைப்பதில் தவறில்லை. வங்கியிலும் புகைவண்டி நிலையத்திலும் மருத்துவமனையிலும் அதன் துணையின்றி இன்று அலுவல்கள் நடைபெறுவதில்லை. மனிதன் தவறலாம், கணிப்பொறி தவறாது என்றே நம்மில் பலரும் எண்ணி வருகிறோம். ஆனால் அக்கணிப்பொறியின் மூளையாகிய செயலி, நாம் தொடக்கப் பள்ளியில் கற்ற வகுத்தல் கணக்கிலேயே தவறியதுண்டு. அமெரிக்க நாட்டில் 1994-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட அத்தவறு, அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய சில்லு நிறுவனமாக விளங்கிய இன்டெலை உலுக்கிவிட்டது.

இன்டெல் நிறுவனம் 1968-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்றது. 1993-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது பென்டியம் என்னும் புதிய செயலியை வெளியிட்டது. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான சிலிக்கான் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 31 இலட்சம் டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருந்தன. முந்தைய சில்லுகளைவிட இது மிக விரைவாக வகுக்கும் என்பது அதன் பெருமைகளுள் ஒன்று. அந்தப் பெருமையில்தான் பிழையும் ஒளிந்திருந்தது.

தாளில் நீள்வகுத்தல் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? மீதியின் முதல் இரண்டொரு இலக்கங்களையும் வகுக்கும் எண்ணின் முதல் இலக்கத்தையும் பார்த்து, ‘எட்டு முறை போகும்’ என்று ஓர் ஊகம் செய்கிறோம். பிறகு பெருக்கிக் கழித்து, அடுத்த இலக்கத்திற்குச் செல்கிறோம். பென்டியமும் அவ்வாறே செய்தது. ஆனால் அது ஊகிப்பதற்குப் பதிலாக, தன்னுள்ளே பதிக்கப்பட்ட ஓர் அட்டவணையைப் பார்த்தது. நாம் வாய்ப்பாட்டைப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணையில் நிரப்பப்பட வேண்டிய இடங்கள் 1066. அவற்றுள் 5 இடங்களில் 2 என்று இருப்பதற்குப் பதிலாக 0 இருந்தது. அட்டவணையைச் சில்லுக்கு மாற்றும் வேளையில் அவை விடுபட்டுவிட்டன என்று நிறுவனம் பின்னர்க் கூறியது. பெரும்பாலான கணக்குகள் அந்த 5 இடங்களின் பக்கமே போவதில்லை. ஆகவே விடைகள் சரியாகவே வந்தன. ஆண்டு ஒன்று கழிந்தும் வெளியார் எவருக்கும் ஐயம் எழவில்லை.

ஐயம் கொண்டவர் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. அவர் இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்து வந்தார். 11, 13 என்றும், 17, 19 என்றும் இரண்டு வேறுபாட்டில் வரும் பகா எண்களே அவை. அவற்றின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போவது அவருடைய பணி. 1994 ஜூன் மாதத்தில் அவருடைய கூட்டல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேறொருவராயின் உடனே இயந்திரத்தின் மேல் பழி போட்டிருப்பார். பேராசிரியரோ முதலில் தம் நிரலைச் சோதித்தார். பின்பு அதை மொழிபெயர்க்கும் மென்பொருளைச் சோதித்தார். கணிப்பொறியின் பிற உறுப்புகளையும் சோதித்தார். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே பென்டியத்தின் மேல் விரலை நீட்டினார். இதற்கு மாதங்கள் பிடித்தன. 824633702441 என்ற எண்ணால் 1-ஐ வகுத்தால் எட்டாம் இலக்கத்திற்குப் பின் வருவன எல்லாம் தவறாக இருந்தன. இவ்வளவு பொறுமை வாய்ந்த ஒருவர் கையில் அந்தச் சில்லு அகப்பட்டது உலகின் நற்பேறு என்றே நமக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 24-ஆம் நாள் அவர் நிறுவனத்திற்குத் தெரிவித்தார். தக்க விடை வராததால் 30-ஆம் நாள் மற்ற அறிஞர் சிலருக்கு மின்னஞ்சல் எழுதினார். செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. இன்னும் எளிய எடுத்துக்காட்டுகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை நாமே தாளில் செய்து பார்க்கலாம். 4195835-ஐ 3145727-ஆல் வகுக்க வேண்டும். ஈவு 1.333 வரை வந்ததும் மீதி 2580909. ஒரு சுழியம் சேர்த்தால் 25809090. இதில் 3145727 எத்தனை முறை அடங்கும்? எட்டு முறை. ஆகவே விடை 1.33382 என்று செல்லும். பென்டியமோ 1.33373 என்றது! நான்காம் தசம இடத்திலேயே தவறு. கிடைத்த ஈவை மீண்டும் 3145727-ஆல் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் 0 வர வேண்டும் அல்லவா? அந்தச் சில்லில் 256 வந்தது. ‘வகுத்தபின் பெருக்கிச் சரிபாருங்கள்’ என்று நம் கணித ஆசிரியைகள் ஓயாது கூறுவது எவ்வளவு பொருளுடையது என்பதை இங்கே காண்கிறோம்.

வியப்பு என்னவென்றால், இப்பிழையை இன்டெல் நிறுவனமே அவ்வாண்டின் நடுவில் கண்டறிந்திருந்தது. பின்னர் வரும் சில்லுகளில் திருத்திவிடலாம் என்று முடிவு செய்து, வாங்கியவர்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டது. செய்தி வெளியானதும், சாதாரணமாகக் கணிப்பொறியைப் பயன்படுத்துபவருக்கு இத்தவறு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நேரும் என்று கணக்குக் காட்டியது. எவருக்கு உண்மையாகவே நுட்பமான கணக்கு வேண்டியிருக்கிறது என்று நிறுவனத்திற்குத் தோன்றுகிறதோ, அவருக்கு மட்டும் சில்லை மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. மக்களின் சினத்தை மூட்டியது இந்த அறிவிப்புத்தான். விலை கொடுத்து வாங்கியவர், ‘எனக்குச் சரியான விடை தேவை’ என்று விற்றவரிடம் போய் மெய்ப்பிக்க வேண்டுமா? எடைக்கல் குறைந்த கடைக்காரர், ‘நீங்கள் என்ன பொன்னா வாங்குகிறீர்கள்?’ என்று நம்மைக் கேட்பது போன்றதல்லவா இது?

மேலும் 1991-ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம், கணிப்பொறிகளின் மேல் தன் பெயர் பொறித்த சிறு சீட்டை ஒட்டச் செய்து, வீடுதோறும் தன்னை விளம்பரப்படுத்தி வந்தது. ஆகவே குறை நேர்ந்தபோது மக்களும் கணிப்பொறி விற்ற கடையை விட்டுவிட்டு, நேரே இன்டெலையே கேட்டார்கள்.

டிசம்பர் 12-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் பென்டியம் பொருத்திய தன் கணிப்பொறிகளை அனுப்புவதை நிறுத்தியது. 27,000 ஆண்டுகள் அல்ல, 24 நாட்களுக்கு ஒருமுறை தவறு வரக்கூடும் என்றது அது. மக்கள் பயன்படுத்தும் எண்கள் குருட்டாம்போக்கில் வருவன அல்ல என்பது அதன் வாதம். ஐ.பி.எம். அப்போது போட்டிச் சில்லு ஒன்றைத் தயாரித்து வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. எனினும் ஒரே பிழைக்கு 27,000 ஆண்டுகள் என்றும் 24 நாட்கள் என்றும் இரு விடைகள் வந்தபோது, பங்குச் சந்தை அஞ்சியது. இன்டெல் பங்கின் விலை இறங்கியது.

எட்டே நாட்களில் நிறுவனம் பணிந்தது. டிசம்பர் 20-ஆம் நாள், காரணம் கேளாமல் யாவருக்கும் சில்லை மாற்றித் தருவதாகத் தலைவர் ஆண்ட்ரூ குரோவ் அறிவித்தார். இதன் பொருட்டு ஒதுக்கப்பட்ட தொகை 47.5 கோடி டாலர். ஆயினும் வீட்டில் வைத்திருந்தவர்களுள் மிகச் சிலரே சில்லை மாற்றிக்கொண்டனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது சில்லைவிட அந்த வாக்குறுதிதான் போலும். திரும்பி வந்த சில்லுகளில் சில சாவிக் கொத்துகளாகச் செய்யப்பட்டு ஊழியர்களுக்கு வழங்கப்பட்டன.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு, அதே நிறுவனத்திற்கு மீண்டும் ஒரு சோதனை. அதன் 13-ஆம், 14-ஆம் தலைமுறைச் செயலிகள் பொருத்திய மேசைக் கணிப்பொறிகள் திடீர் திடீரென்று செயலிழந்தன. இது வகுத்தல் பிழை அன்று. சில்லுக்குத் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சென்று, அதன் சுற்று ஒன்று நாளடைவில் தேய்ந்து வந்தது. பென்டியத்தின் பிழை முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றே. இதுவோ நாள்பட நாள்பட முற்றும் நோய்.

அவ்வாண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இன்டெல் பங்கு ஒரே நாளில் 26 விழுக்காடு வீழ்ந்தது. பழுதான சில்லுகளே காரணம் என்று கூறுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. முந்தைய நாள் மாலைதான் நிறுவனம், மூன்று மாதத்தில் 160 கோடி டாலர் நட்டம் என்றும், ஏறத்தாழ 15,000 பேரை வேலையிலிருந்து நீக்கப் போவதாகவும், பங்குதாரர்க்கு ஈவுத்தொகையை நிறுத்தப் போவதாகவும் அறிவித்திருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளின் வாணிபத்தில் என்விடியா வெகுதூரம் முன்னே சென்றிருந்தது. நவம்பரில் டௌ ஜோன்ஸ் குறியீட்டுப் பட்டியலில் இன்டெலின் இடத்தையும் அதுவே பெற்றது. வீடு ஒட்டடை படிந்து நிற்கும் வேளையில் கூரையும் ஒழுகியது போல, பழுதும் நட்டமும் ஒரே காலத்தில் வந்தன என்பதே பொருத்தமான கூற்று.

இம்முறை நிறுவனம் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் உள்நிரலைத் திருத்தி அனுப்பியது; உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. ஆனால் திருத்திய உள்நிரல் இனி வரும் தேய்மானத்தைத்தான் தடுக்கும். முன்பே தேய்ந்துபோன சில்லைக் குணப்படுத்தாது. அத்தகைய சில்லை வைத்திருப்பவர் அதைக் கழற்றி அனுப்பி, வேறொன்று பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.