அமிலத்தின் வலிமையும் பி.எச். மதிப்பும் ஒன்றா?

பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘அ’ என்ற அமிலக் கரைசலின் பி.எச். 3, ‘ஆ’ என்ற அமிலக் கரைசலின் பி.எச். 4, எது வலிமை மிகு அமிலம்? இது நானே தயாரித்த வினா. ‘அ’ என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் வழங்கினேன். ‘இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது’ என்று எழுதிய ஒரு மாணவிக்குச் சுழியம் இட்டேன். பிறகுதான் தவறு என் வினாவில் என்பது புரிந்தது.

வலிமை என்பது அமிலத்தின் இயல்பு. நீரில் கரைந்த மூலக்கூறுகளில் எத்தனை பங்கு அயனிகளாகப் பிரிகின்றன என்பதை அது குறிக்கிறது. செறிவு என்பது எவ்வளவு அமிலம் கரைந்துள்ளது என்பது. டென்மார்க் அறிவியலாளர் சோரன்சன் 1909இல் அறிமுகப்படுத்திய பி.எச். அளவீடோ, கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைக் காட்டுகிறது. வலிமை, செறிவு இரண்டும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

பின்வரும் மதிப்புகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: பி.எச். 1
0.1 மோலார் அசிட்டிக் அமிலம்: பி.எச். சுமார் 2.9
0.0001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: பி.எச். 4

செறிவு சமமாக உள்ள முதல் இரண்டையும் ஒப்பிட்டால் வலிமை வேறுபாடு தெரியும். கடைசி இரண்டை ஒப்பிட்டால், வலிமை குறைந்த அசிட்டிக் அமிலத்தின் பி.எச். மதிப்பே குறைவு!

இதைப் பள்ளி மைதானத்தைக் கொண்டு விளக்கலாம். 5 மாணவர் படிக்கும் ஓராசிரியர் பள்ளியில் ஐவரும் விளையாட வந்துவிட்டனர். 1000 பேர் படிக்கும் பள்ளியில் 13 பேர் மட்டுமே வெளியே வந்துள்ளனர். எந்த மைதானத்தில் கூட்டம் அதிகம்? பெரிய பள்ளியில்தான். பி.எச். தாள் மைதானத்தில் நிற்பவர்களையே எண்ணும். வகுப்பறைக்குள் இருப்பவர்களை அது அறியாது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 1000 மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 13தான் பிரிந்திருக்கும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. இரு அமிலங்களின் 0.1 மோலார் கரைசல்களிலும் 10 மி.லி. எடுத்து, பினாப்தலின் சேர்த்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம்பார்க்கச் செய்யுங்கள். இரண்டுக்கும் 10 மி.லி. காரமே தேவைப்படும். மைதானத்தில் இருப்பவர்கள் வீடு திரும்பத் திரும்ப, வகுப்பறையில் இருப்பவர்கள் வெளியே வருகிறார்கள் அல்லவா?

2. இரு கரைசல்களையும் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பி.எச். காணுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மதிப்பு 1 உயரும். அசிட்டிக் அமிலத்தில் சுமார் 0.5 மட்டுமே உயரும். நீர்க்கும்போது அதன் மூலக்கூறுகள் கூடுதல் விகிதத்தில் பிரிவதே காரணம்.

‘வலிமை குறைந்த அமிலம் ஆபத்தற்றது’ என்ற எண்ணத்தையும் களைய வேண்டும். ஹைட்ரோபுளூரிக் அமிலம் வலிமை குறைந்ததே; ஆனால் கண்ணாடியை அரிக்கும், தோலின் வழியே ஊடுருவி எலும்பையும் பாதிக்கும்.

மறுநாள் அம்மாணவிக்குரிய மதிப்பெண்ணை வழங்கி, வகுப்பில் அவளையே விளக்கச் சொன்னேன். வினாவில் ‘இரண்டும் சம செறிவுடையவை, ஒரு மூலக்கூறுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனி தருபவை’ என்ற குறிப்பையும் சேர்த்துக்கொண்டேன். உங்கள் வினாத்தாள்களிலும் அக்குறிப்பு இருக்கிறதா எனப் பாருங்கள்.