செத்த மாட்டில் கத்தி வைக்கலாமா?



லயத்துக்குப் பின்னால் ஒரு பட்டி, அதில் ஒரு பசு, இரண்டு ஆடு. நம்மில் பல குடும்பங்களுக்குச் சம்பளத்துக்கு அடுத்த வருமானம் இதுதான். பிள்ளையின் கொப்பி, புத்தகம், திடீர்ச் செலவு எல்லாம் பால் காசில்தான் ஓடுது. நேற்று மாலை நன்றாகப் புல் தின்ற மாடு இன்று காலை செத்துக் கிடந்தால் வீடே இடிந்து போகும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லுவாங்க: "வீணாப் போக விடாதீங்க. அறுத்துப் பங்கு போட்டா பாதிக் காசாவது வரும். தோலையாவது உரிச்சு எடுங்க."

நட்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் சொல்லும் பேச்சுதான் இது. ஆனாலும் அந்தக் கத்தியை எடுக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. நூற்றைம்பது வருட ஆராய்ச்சி அதைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறது. அந்தக் காரணமே இம்முறை நமது பாடம்.

நோயின் பெயர்

இந்த நோயை அந்த்ராக்ஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் அடைப்பான் நோய் என்றும் சொல்லுவாங்க. அந்த்ராக்ஸ் என்றால் கிரேக்க மொழியில் கரி. மனிதரின் தோலில் இந்நோய் வந்தால் புண்ணின் நடுப்பகுதி கரிபோலக் கறுத்துவிடும். பெயர் வந்த காரணம் அதுதான்.

மாடு, ஆடு, எருமை போன்ற புல் தின்னும் மிருகங்களுக்கே இது முதலில் வருகிறது. கடும் காய்ச்சல், நடுக்கம், மூச்சு வாங்கல் காணலாம். பல வேளைகளில் எந்த அடையாளமும் தெரியாமலே மிருகம் விழுந்து செத்துவிடும். செத்த பின் வயிறு சீக்கிரம் ஊதும். உடல் விறைக்காமல் இருக்கலாம். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த இரத்தம் வடியும். அது உறையாது.

திடீரெனச் செத்த மாடெல்லாம் அந்த்ராக்ஸில் செத்தது என்று நினைக்க வேண்டாம். பாம்பு கடித்திருக்கலாம், வயிறு ஊதியிருக்கலாம், புல்லுக்கு அடித்த மருந்தைத் தின்றிருக்கலாம். நம் நாட்டில் அந்த்ராக்ஸ் அடிக்கடி காணும் நோயும் அல்ல. ஆனால் பார்த்த பார்வையில் எதனால் செத்தது என்று நாம் முடிவு கட்ட முடியாது.

கிருமியைக் கண்ட டொக்டர்

ஜேர்மனியில் வோல்ஸ்டைன் என்ற சிறிய ஊரில் (இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது) றொபேட் கொக் என்ற மாவட்ட வைத்தியர் இருந்தார். அவருக்குப் பெரிய ஆய்வுகூடம் கிடையாது. வீட்டிலேயே நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு வேலை செய்தார். அந்த்ராக்ஸில் செத்த மிருகத்தின் இரத்தத்தைச் சிறு மரச் சிராய்களால் எடுத்து எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் செத்தன. அவற்றின் உடலிலும் அதே கோல் வடிவக் கிருமிகள் இருந்தன. மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த நீரில் அந்தக் கிருமியை வளர்த்தும் பார்த்தார்.

1876இல் அவர் தன் முடிவுகளை வெளியிட்டார். குறிப்பிட்ட ஒரு நோயைக் குறிப்பிட்ட ஒரு பற்றீரியாதான் உண்டாக்குகிறது என்று உலகம் முதன்முதலாகத் தெளிவாக அறிந்தது இந்த அந்த்ராக்ஸ் ஆராய்ச்சியால்தான்.

கொக் இன்னொரு விடயத்தையும் கண்டார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது கோல்போல இருந்த கிருமிகள் நூல்போல நீண்டன. அந்த நூலுக்குள் மணிமணியாக ஏதோ தோன்றியது. அவைதான் வித்திகள்.

வித்தி என்றால் என்ன?

அவரை விதையை நினைத்துக்கொள்ளுங்கள். செடி வாடிச் செத்தாலும் விதை காய்ந்து கிடக்கும், மழை வந்ததும் முளைக்கும். இந்தக் கிருமியும் அப்படித்தான். கெட்ட காலம் வந்தால் தடித்த ஓடு போட்ட வித்தியாக மாறி, வெயில், வரட்சி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். புல்லோடு சேர்ந்து ஒரு மாட்டின் உடம்புக்குள் போனதும் திரும்பவும் உயிர் பெறும்.

எவ்வளவு காலம் என்று கேட்பீங்க. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், பிரித்தானியா ஸ்கொட்லாந்துக் கரையோரம் உள்ள குருய்னாட் என்ற சிறு தீவில் அந்த்ராக்ஸ் குண்டுகளைச் செம்மறி ஆடுகள்மேல் பரீட்சித்துப் பார்த்தது. அதன் பிறகு அந்தத் தீவில் யாரும் கால் வைக்க முடியவில்லை. 1986இல் 280 தொன் போமல்டிகைட்டைக் கடல்நீரில் கலந்து மண்ணில் ஊற்றினார்கள். 1990இல்தான் தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். ஒரு பரீட்சைக்காக 48 வருடம் ஒரு தீவே பாழ்!

கத்தி ஏன் கூடாது?

இப்போது நமது கேள்விக்கு வருவோம். மாடு சாகும்போது அதன் இரத்தம் முழுக்கக் கிருமி நிறைந்திருக்கும். ஆனால் அவை இன்னும் வித்தியாக மாறவில்லை. மாறுவதற்கு அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும், அதாவது காற்றுப் பட வேண்டும்.

உடலைத் திறக்காமல் விட்டால் உள்ளே காற்றுப் போகாது. வயிற்றில் உள்ள மற்றப் பற்றீரியாக்கள் உடலை அழுக வைக்கும். அந்த அழுகலில் அந்த்ராக்ஸ் கிருமிகள் சில நாட்களில் பெரும்பாலும் செத்துவிடும். தானாக வடியும் இரத்தம் மட்டுமே ஆபத்தாக வெளியே வரும்.

உடலைக் கத்தியால் திறந்தால் என்ன நடக்கும்? இரத்தம் நிலத்தில் சிந்தும், காற்றுப் படும். கோடிக்கணக்கான கிருமிகள் வித்தியாகி அந்த இடத்திலேயே தங்கிவிடும். கத்தியிலும் பலகையிலும் உடுப்பிலும் ஒட்டும். ஓடையில் கழுவினால் கீழ் லயத்துக்கும் போய்ச் சேரும். செத்துப் போகவிருந்த கிருமிக்கு நாமே பல வருட ஆயுளைக் கொடுத்தவர்கள் ஆவோம்.

நோயைக் கண்டுபிடிக்கவும் மாட்டைப் பிளக்க வேண்டியதில்லை. கால்நடை வைத்தியர் காதிலுள்ள நாளத்திலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, நீலச் சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். நீல நிறக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அது அந்த்ராக்ஸ். 1903இல் மக்ஃபேடியன் என்ற கால்நடை விஞ்ஞானி காட்டித் தந்த இந்த முறை இன்றும் பயன்படுகிறது.

மண்ணும் மழையும்

வித்தி எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி நிலைப்பதில்லை. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும். இந்தக் கிருமியோ சுண்ணாம்புச் சத்துள்ள, புளிப்பில்லாத மண்ணை விரும்பும். நீண்ட வரட்சி, அதன் பின் மழை வரும் இடங்களில்தான் உலகில் அதிகம் காணப்படுகிறது. வரட்சியில் புல் கட்டையாகிவிடும். மாடு மண்ணோடு சேர்த்து மேயும். மண்ணில் உள்ள வித்தி வாய்க்குள் போய்விடும்.

1977இலும் 1983இலும் வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வடக்கு கிழக்குக்குப் போன உறவுகள் நமக்கு உண்டு. திருகோணமலை, பாலையூற்றுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த வெயிலும், பின் கொட்டும் வடகீழ்ப் பருவ மழையும், தெருவில் திரியும் கட்டாக்காலி மாடுகளும் தெரியும். அங்கே அந்த்ராக்ஸ் இருக்கிறது என்று இங்கே சொல்லவில்லை. அந்த மாதிரிச் சீதோஷ்ணத்தில் மாடு வளர்ப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதே விடயம். மலையில் இருக்கும் நாமும் "நம்ம மண் புளிப்பு மண், நமக்குப் பயமில்ல" என்று இருந்துவிட முடியாது. விலைக்கு வாங்கும் ஆடும், தோலும், எலும்புத் தூளும் எங்கிருந்தும் வரலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் கோயம்புத்தூர் ஆனைகட்டிப் பக்கக் காட்டில் செத்த ஒரு பெண் யானைக்கு அந்த்ராக்ஸ் இருந்தது உறுதியானது. வீட்டு மிருகத்தை மட்டும் பிடிக்கும் நோயல்ல இது.

தடுப்பூசி வந்த கதை

பிரான்ஸில் சில வயல்களைச் "சபிக்கப்பட்ட வயல்" என்று விவசாயிகள் சொல்லுவாங்க. அங்கே மேய்ந்தால் ஆடு சாகும். சாபம் ஒன்றுமில்லை, முன்பு அங்கே புதைத்த உடல்களிலிருந்து மண்புழுக்கள் வித்தியை மேலே கொண்டு வருகின்றன என்று லூயி பாஸ்டர் விளக்கினார். 1881 மே மாதம் புய்யி-லெ-போர் என்ற ஊரில் எல்லோரும் பார்க்க ஒரு பரீட்சை செய்தார். 24 செம்மறி ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டார், 24 ஆடுகளுக்குப் போடவில்லை. மே 31இல் எல்லாவற்றுக்கும் உயிருள்ள கிருமியை ஏற்றினார்கள். ஜூன் 2ஆம் திகதி சனங்கள் வந்து பார்த்தபோது ஊசி போட்டவை நின்றன. போடாதவை அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாம் செத்தன.

1930களில் தென்னாபிரிக்காவில் மக்ஸ் ஸ்டேர்ன் இன்னும் நல்ல தடுப்பூசியைக் கண்டார். அது ஏன் வேலை செய்கிறது என்பது 1980களில்தான் முழுதாக விளங்கியது. இந்தக் கிருமிக்கு இரண்டு ஆயுதங்கள். ஒன்று நஞ்சு, மற்றது நமது உடம்பின் காவல் அணுக்கள் விழுங்காதபடி போர்த்தும் உறை. நஞ்சும் மூன்று புரதங்களின் கூட்டு வேலை. ஒன்று உயிரணுவின் கதவைத் திறக்க, மற்ற இரண்டும் உள்ளே புகுந்து நாசம் செய்யும். ஸ்டேர்ன் எடுத்த வகைக்கு உறை போடும் சக்தி இல்லை. அதனால் அது மிருகத்தைக் கொல்லாமல், எதிரி எப்படி இருப்பான் என்று உடம்புக்குக் காட்டிக் கொடுக்கிறது. இன்றும் உலகம் முழுவதும் மாடு ஆடுகளுக்குப் போடுவது இந்த வகைத் தடுப்பூசியைத்தான். தமிழ்நாட்டில் 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அந்த்ராக்ஸ் தடுப்பூசி தயாரிக்கிறது.

மனிதருக்கு வந்தால்

மனிதருக்கு வருவதில் பெரும்பாலானது தோலில் வருவது. கையில் உள்ள சின்னக் கீறல் வழியாகக் கிருமி நுழையும். சில நாட்களில் பூச்சி கடித்தது போல ஒரு பரு, பிறகு நீர்க்கொப்புளம், பிறகு நடுவில் கறுத்த புண், சுற்றிலும் வீக்கம். வலி அதிகம் இருக்காது. அதனால்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. மருந்தில்லாமல் விட்டால் நூற்றுக்கு 10 முதல் 20 பேர்வரை சாகலாம். நேரத்தோடு பென்சிலின் போன்ற மருந்து கொடுத்தால் அநேகமாக எல்லோரும் பிழைப்பார்கள்.

இறைச்சி வழியாகக் குடலிலும், தூசு வழியாக நுரையீரலிலும் வந்தால் ஆபத்து மிக அதிகம். சிலருக்கு மூளைச் சவ்வையும் பிடிக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் 1994இல் வெளியிட்ட கட்டுரை அப்படி மூளைச் சவ்வைத் தாக்கிய ஒரு நோய்ப்பரவலைப் பற்றியது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது சாதாரணமாகத் தொற்றாது. நோயாளியை ஒதுக்க வேண்டாம், வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

2010இல் பங்களாதேஷில் 600க்கு மேற்பட்டவர்களுக்கு அந்த்ராக்ஸ் வந்தது. நோய்ப்பட்ட மாட்டை அறுத்தவர்களும் அந்த இறைச்சியைக் கையாண்டவர்களுமே அநேகர். அவர்களும் நம்மைப் போல ஏழைகள். மாடு சாகுமுன் கொஞ்சக் காசையாவது காப்பாற்றப் பார்த்தவர்கள்.

"நல்லாக் கொதிக்க வச்சா கிருமி செத்துடும்தானே?" என்று கேட்பீங்க. வித்தி சாதாரணக் கிருமியைவிடச் சூட்டைத் தாங்கும். அதோடு ஆபத்து சட்டியில் மட்டுமல்ல, அறுத்த கையிலும் கழுவிய தங்கச்சியின் கையிலும்தான்.

தோலிலும் கவனம் வேண்டும். 2008இல் லண்டனில் மிருகத் தோலால் மேளம் செய்த ஒருவர் அந்த்ராக்ஸால் இறந்தார். காமன் கூத்துக்குத் தப்புக் கட்டும் நம் சகோதரர்கள், எப்படிச் செத்ததென்று தெரியாத மாட்டின் தோலைத் தொட வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. திடீரெனச் செத்த மாட்டை, ஆட்டை அறுக்கவோ உரிக்கவோ வேண்டாம். இழுத்துக்கொண்டும் போக வேண்டாம்.

2. பிள்ளைகளையும் நாய்களையும் அண்ட விடாதீர்கள். அந்த இடத்தில் மற்ற மாடுகளைக் கட்டாதீர்கள்.

3. உடனே பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். தொற்றும் மிருக நோய்களை அடக்குவதற்கென்றே 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது.

4. எரிப்பதா, ஆழமாகப் புதைப்பதா என்பதை வைத்தியர் சொன்னபடி செய்யுங்கள். ஓடைக்கரையில் புதைக்க வேண்டாம்.

5. ஏற்கெனவே தொட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலோ, வலியில்லாத கறுத்த புண்ணோ வந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். "செத்த மாட்டைத் தொட்டேன்" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டொக்டருக்குப் பாதி வேலையைக் குறைக்கும்.

மாடு போன நட்டம் பெரிய நட்டம். அதை இந்தப் பாடம் ஈடு செய்யாது. ஆனால் செத்த மாட்டை அறுத்துக் கிடைக்கும் காசு ஒரு வாரத்துக்கு வரும், மண்ணில் விழுந்த வித்தி பேரப்பிள்ளை காலம்வரை இருக்கும்.

கூடிப் பேசுங்கள்

நமது லயத்தில் ஒரு மாடு திடீரெனச் செத்தால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்? கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கம் யாரிடம் இருக்கிறது? மாட்டை இழந்த குடும்பத்துக்கு, இறைச்சியை வாங்கி உதவுவதைத் தவிர, நாம் வேறு எப்படிக் கைகொடுக்கலாம்? வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.