எந்திரப் போரில் மானிட மூச்சு: ஓர் அறிவியற் புனைவு விளையாட்டின் பல்லிய இசை

முன்னுரை

கலைகள் யாவும் தத்தம் காலத்துக்கேற்ற அரங்கினைத் தேடிக்கொள்கின்றன. தேவாலயத்திலும் அரசவையிலும் வளர்ந்த மேலைநாட்டுப் பல்லிய இசை பின்னர்ப் பொது மன்றத்துக்கு வந்தது. அங்கிருந்து திரைப்படத்துள் புகுந்தது. இன்று கணினி விளையாட்டிலும் குடிகொண்டுள்ளது. ‘விளையாட்டுத்தானே’ என்று இதனைப் புறந்தள்ளுதல் ஆய்வுக்கு அழகன்று. ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என வழங்கும், பல கருவிகள் இயைந்தொலிக்கும் குழுவினையே ஈண்டுப் பல்லியம் என்கிறோம்.

வருங்காலத்தைக் காட்டும் அறிவியற் புனைவில், விண்கலமும் எந்திர வீரனும் உலவும் களத்தில், மரத்தாலும் தோலாலும் பித்தளையாலும் ஆகிய பழங்கருவிகள் ஒலிப்பது ஏன்? மின்னணு ஒலியன்றோ அதற்குப் பொருத்தம்? இவ்வினாவுக்கு, 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டோட்டல் அனிகிலேஷன்’ என்னும் விளையாட்டினைக் கொண்டு விடைகாண முயல்வோம். ‘முற்றழிவு’ என்பது அத்தலைப்பின் பொருள்.

விண்ணும் பல்லியமும்

விண்ணுலகைப் பல்லியத்தால் காட்டும் மரபு கணினிக்கு முற்பட்டது. ஆங்கில இசையறிஞர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் கோள்களைப் பற்றிய தம் இசைத்தொகுதியை 1914 முதல் 1916 வரை இயற்றினார். அது 1918இல் இலண்டனில் முதன்முதலாக இசைக்கப்பெற்றது. அதில் செவ்வாய்க்குரிய பகுதி போரின் வடிவம். அதன் ஐந்தெண்ணிக்கைத் தாளம், சீராக நடக்க விரும்பும் கேட்பவனை அமைதியிழக்கச் செய்கிறது. 1968இல் ஸ்டான்லி குப்ரிக் தம் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையை விண்கலங்களின் அசைவோடு பொருத்தினார். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் இயற்றிய இசையை இலண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. அதன்பின் விண்வெளிக் கதை என்றாலே பித்தளைக் குழல்களின் முழக்கம் என்பது வழக்காயிற்று.

கருவிகள் வந்த வழி

இப்பல்லியத்தின் கருவிகளும் ஒரே மண்ணில் முளைத்தவை அல்ல. ‘டிம்பனி’ எனப்படும் பெருமுரசு, அரபு நாட்டு நகராவின் வழிவந்ததாகும். சிலுவைப்போர்க் காலத்தில் இணைமுரசாக ஐரோப்பாவை அடைந்தது. நாகூர் தர்காவில் நகரா முழங்கக் கேட்டோர், போர்க்காட்சியில் உருளும் டிம்பனியில் அதன் உறவினை உணரலாம். வில்லால் இழைக்கும் ரபாப், ஐரோப்பாவில் ‘ரெபெக்’ ஆகி, வயலினின் முன்னோர்களுள் ஒன்றாயிற்று. பத்தாம் நூற்றாண்டு அறிஞர் அல்பாராபி தம் பெரும் இசைநூலில் ரபாபினை ஆராய்ந்துள்ளார். எனவே பல்லியம் என்பது பல நாட்டுக் கைகளும் பல நூற்றாண்டுப் பயிற்சியும் ஒன்றுகூடிய இடம் எனலாம். இக்கருத்து நம் ஆய்வின் பிற்பகுதிக்குத் துணைபுரியும்.

நினைவகத்தின் நெருக்கடி

கணினி விளையாட்டு இத்தகைய இசையைத் தாங்கும் நிலைக்கு வரக் காலம் பிடித்தது. 1978இல் ஜப்பானில் தோன்றிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் கீழிறங்கும் நான்கே சுரங்கள் திரும்பத்திரும்ப ஒலித்தன. பகைவர் நெருங்க நெருங்க அவற்றின் விரைவு கூடியது. வறுமையிலும் செம்மையான உத்தி அது.

‘டோட்டல் அனிகிலேஷன்’ இசையை இயற்றிய ஜெரமி சோல், அதற்கு இரண்டாண்டு முன்னர், 1995இல், ‘சீக்ரெட் ஆஃப் எவர்மோர்’ என்னும் விளையாட்டுக்கு இசையமைத்தவர். அவ்விளையாட்டு இயங்கிய சூப்பர் நின்டெண்டோ கருவியில் ஒலிக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 64 கிலோபைட்டே. ஒரே நேரத்தில் எட்டுக் குரல்களே ஒலிக்கும். குறுந்தட்டில் பதிவாகும் இசைக்கோ நொடிக்கு 1,76,400 பைட்டு வேண்டும். அந்நினைவகம் முழுவதையும் குறுந்தட்டுத் தரத்தில் நிரப்பினாலும் அரைநொடி இசைகூட அதில் அடங்காது. அந்நெருக்கடியைக் குறுந்தட்டு நீக்கியது. விளையாட்டும் இசையும் ஒரே தட்டில் வந்தன. மாந்தர் வாசித்த இசை மாற்றமின்றிச் செவியை எட்டியது. சியாட்டில் நகரத்தின் நார்த்வெஸ்ட் சின்ஃபோனியா குழுவினர் சோலின் இசையை வாசித்தனர்.

எந்திரங்களின் போர்

கேவ்டாக் நிறுவனத்துக்காகக் கிறிஸ் டெய்லர் வடிவமைத்த இவ்விளையாட்டின் கதை ஆழ்ந்த சிந்தனைக்குரியது. மனித உணர்வினை உடலிலிருந்து எந்திரத்துக்கு மாற்றவேண்டும் என்கிறது ஓர் அரசு; இறப்பை வெல்லும் வழி அதுவே என்பது அதன் வாதம். அதனை ஏற்க மறுத்தோர் பிரிந்து படைதிரட்டுகின்றனர். முன்னவர் ‘கோர்’, பின்னவர் ‘ஆர்ம்’. போர் நாலாயிரம் ஆண்டு நீள்கிறது, உலகங்கள் பாழாகின்றன. இறுதியில் எஞ்சுவது வென்றே தீரவேண்டும் என்னும் பகை ஒன்றே.

இங்கு நாம் கருதவேண்டிய முரண் ஒன்றுண்டு. உடலைக் காக்கப் போரிடும் ஆர்ம் படையினரும் எந்திரங்களுக்குள்ளேயே அமர்ந்து போரிடுகின்றனர். ஆதலால் களத்தில் ஒரு முகமும் தோன்றுவதில்லை, கண்ணீரும் இல்லை. வீழ்ந்த எந்திரத்தின் உடைசலை மற்றோர் எந்திரம் உலோகமாக மாற்றி மீண்டும் படைசெய்கிறது. மாண்டவனுக்காக நிற்பார் அங்கு எவருமிலர்.

நிற்பது இசை ஒன்றே. வில்லினை இழுக்கும் கையும், குழலில் புகும் மூச்சும் அக்களத்தில் மனிதன் இருந்தான் என்பதற்கு எஞ்சிய சான்றாகின்றன. இசைப்பகுதி ஒன்றின் பெயர் ‘லிக்கிங் ஊண்ட்ஸ்’. காயத்தை நக்கி ஆற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். எந்திரத்துக்கு உடைவு உண்டு, காயம் இல்லை. காயம் என்னும் சொல்லே உடலையும் வலியையும் உடன்கொண்டு வருவது. களத்தில் காண இயலாத உடலை இசை நினைவூட்டுகிறது என்பதே நம் கருத்து.

இசை இயங்கும் முறை

திரைப்படத்தில் காலம் வரையறைப்பட்டது. எந்த நொடியில் எது நிகழும் என்பதை இசையமைப்பாளர் அறிவார். விளையாட்டில் காலம் ஆடுபவனுக்கு உரியது. அவன் ஐந்து நிமிடத்தில் போர்தொடுக்கலாம். ஒருமணி நேரம் காத்தும் இருக்கலாம். 1991இல் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் ஆகியோர் உருவாக்கிய ‘ஐமியூஸ்’ முறை, நிகழ்ச்சிக்கேற்ப இசையைத் தடையின்றி மாற்றியது. அது சுரக்குறிப்புகளைக் கணினியே ஒலிக்கச் செய்யும் முறையாதலின் அவ்வாறு இயன்றது.

பதிவுசெய்த பல்லியம் அங்ஙனம் வளையாது. ஆகவே இவ்விளையாட்டில் அமைதிக்குரிய பகுதிகளும் போருக்குரிய பகுதிகளும் தனித்தனியே வகுக்கப்பட்டன. படைகள் மோதத் தொடங்கியதும் கணினி போரிசைக்கு மாறும். மோதல் ஓய்ந்தால் அமைதியிசை திரும்பும். ஒளிக்கதிர் தட்டின் ஓரிடம் விட்டு மற்றோரிடம் சேரும் இடைவெளியில் சிறு மௌனம் நேரும். தொழில்நுட்பத்தின் குறையே அது. எனினும், போர் மூளுமுன் அடக்கிய மூச்சினைப் போல் அஃது அமைந்தது. ஆடுபவன் இசையைக் கேட்பவன் மட்டும் அல்லன். தன் செயலால் அதனை எழுப்புபவனும் ஆகிறான். அமைதியைக் குலைத்தவன் தானே என்பதைச் செவி அவனுக்கு அறிவிக்கிறது.

மறுப்பும் விடையும்

திரைப்படத்தைப் போலப் பகட்டவே பல்லியம் கொணரப்பட்டது என்று சிலர் மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ மரபின் சாயல் இவ்விசையில் தெளிவாகவே உண்டு. நாம் கூறிய பொருளை எண்ணியே சோல் இதனை இயற்றினார் என்றும் நாம் சாதிக்கவில்லை. ஆயினும் ஒரு கலைப்படைப்பின் பொருள் படைத்தவன் எண்ணத்தோடு முடிந்துவிடுவதன்று. அதே இசையை வேறொரு கதையில் வைத்தால் வெற்று முழக்கமாகலாம். உடலா எந்திரமா என்று வினவும் கதையில் வைத்தபோது அது விடையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

முடிவுரை

விளையாட்டிசைக்கெனத் தனிப்பிரிவில் கிராமி விருது 2023 முதல் வழங்கப்படுகிறது. 2024இல் அதனைப் பெற்றது ‘ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர்’ என்னும் அறிவியற் புனைவு விளையாட்டுக்கு ஸ்டீபன் பார்ட்டனும் கோர்டி ஹாப்பும் இயற்றிய இசையாகும். இன்று, வாசிப்போர் எவருமின்றியே பல்லியம் போன்ற ஒலியைக் கணினி ஆக்கித் தருகிறது. வயலின் பயின்ற கைகள் இனித் தேவையா என்னும் வினா எழுந்துள்ளது. 1997இன் கற்பனைக் கதை எழுப்பிய வினாவும் ஏறத்தாழ இதுவே: மனிதனின் சாரத்தை எந்திரத்துக்கு மாற்றிவிட்டால் இழப்பது ஏதேனும் உண்டா?

கணினியைக் கற்கும் நம் மாணவர்கள் இவ்வினாவிலிருந்து விலகி நிற்க இயலாது. எந்திரத்தை வெறுத்தல் அறிவுடைமையன்று. அக்குறுந்தட்டு இல்லையேல் இவ்விசையும் நம் செவிக்கு எட்டியிராது. எனினும் தட்டு சுமந்தது மனிதரின் மூச்சினை. சுமப்பதும் சுமக்கப்படுவதும் வேறென்று அறிந்து போற்றுவோமாக.