27 மே 1988: கமா எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

ஈப்போ மாநகர் தகுதி பெற்ற நாள் 27 மே 1988. இந்தத் தேதியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் இளைஞர்கள் பலர் ‘27 மே, 1988’ என்று நடுவில் ஒரு கமா போட்டுவிடுகிறார்கள். அந்தக் கமா வேண்டாம்.

நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இரண்டு எண்களுக்கு நடுவே மாதத்தின் பெயர் நிற்கிறது. எண்களைப் பிரிக்க அதுவே போதும். மலேசிய அலுவலகங்களில் வழங்குவது இந்த வரிசைதான். பள்ளியில் மலாய்மொழி அலுவல் கடிதம் எழுதும்போது தேதியில் கமா போட்டதே இல்லையே, அதே பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டு வாருங்கள். தமிழ் நாளிதழ்களில் ‘மே 27, 1988’ என்று பார்த்துப் பழகிய கண்தான் கமாவைத் தேடுகிறது.

அமெரிக்க முறை வேறு. அங்கே மாதம் முன்னால் வரும்: மே 27, 1988. இப்போது 27-உம் 1988-உம் அடுத்தடுத்து நிற்பதால் கமா கட்டாயம். வாக்கியம் ஆண்டோடு முடியாமல் தொடர்ந்தால் ஆண்டுக்குப் பின்னும் ஒரு கமா வரவேண்டும்: ‘ஆன் மே 27, 1988, ஈப்போ பிகேம் எ சிட்டி.’ இந்த இரண்டாவது கமாவைத்தான் நெடுநாள் வேலை பார்த்தவர்கள்கூட விட்டுவிடுகிறார்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் இன்டெல் 1972 முதல் இயங்குகிறது. அதுபோன்ற அமெரிக்க நிறுவனங்களுக்குப் பேராக்கிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் இரு முறைகளையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

கிழமை சேர்ந்தால் அதற்குப் பின் ஒரு கமா: ‘ஃப்ரைடே, 27 மே 1988’. மாதமும் ஆண்டும் மட்டும் என்றால் கமாவே இல்லை: ‘மே 1988’. ரெசுமேயில் வரும் தேதிகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான்.

ஊர்ப் பெயரில் நிலைமை மாறும். துன் வீ. தி. சம்பந்தனைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: ‘ஹி வாஸ் பார்ன் இன் சுங்கை சிப்புட், பேராக், ஆன் 16 ஜூன் 1919.’ ஊருக்குப் பின் கமா, மாநிலத்துக்குப் பின் கமா. தேதிக்குள் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் சுயவிவரம் எழுதும்போது தடுமாற்றம் வராது.

கமாவைவிடப் பெரிய ஆபத்து வெறும் எண்களில் இருக்கிறது. ‘03/04/2025’ நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. நம் அடையாள அட்டை எண்ணோ ஆண்டு, மாதம், நாள் என்று தலைகீழாகத் தொடங்குகிறது: 27 மே 1988 அன்று பேராக்கில் பிறந்தவருக்கு 880527-08. ஒரே விண்ணப்பத்தில் மூன்று வரிசைகள் சந்தித்துக்கொள்கின்றன. வேலையில் சேரும் நாள், தகுதிகாண் காலம் முடியும் நாள், வேலையை விடும் கடிதத்தில் கடைசி நாள், இவற்றை எண்ணால் மட்டும் எழுதவே எழுதாதீர்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். இணையப் படிவம் எண்தான் கேட்கிறது என்றால், கட்டத்தின் மேலோ உள்ளேயோ எந்த வரிசை என்று குறித்திருப்பார்கள்; அதைப் பார்த்த பிறகே தட்டச்சு செய்யுங்கள்.

கணினியையும் ஒருமுறை பாருங்கள். வேர்டில் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், அது தானாகச் செருகும் தேதி மாதத்தில் தொடங்கும். மலேசிய ஆங்கிலம் என்ற தெரிவு அதே பட்டியலில் உண்டு.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் நம் பெரியவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் கிராணி (தோட்ட எழுத்தர்) எழுதினார். பிறப்புப் பத்திரமே இல்லாமலும் தேதி தவறாகப் பதிவாகியும் அல்லல்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தேதியில் நாம் கூடுதல் கவனம் காட்டக் காரணம் இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன், மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.