கடைக்கு வாங்கும் போன் நம் சிம்முக்குப் பொருந்துமா?



தராசு வாங்கினால் முத்திரை பார்க்கிறோம். பருப்பு மூட்டை வந்தால் குத்தூசி விட்டுச் சரக்கைப் பார்க்கிறோம். ஸ்மார்ட்போன் வாங்கும்போது மட்டும் விலையையும் கேமராவையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தத் தவறை நாங்களும் செய்தோம்.

எங்கள் மண்டிக்குப் பழைய 4ஜி போன் ஒன்றை மலிவாக வாங்கி, கடைச் சிம்மைப் போட்டோம். இணையம் நன்றாக ஓடியது. அழைப்பு மட்டும் வரவில்லை. இரண்டு நாள் அது எங்களுக்குத் தெரியவே இல்லை. வாடிக்கையான மளிகைக் கடைக்காரர் ஒருவர் துவரம்பருப்புக்கு அழைத்து அழைத்துப் பார்த்து, வேறு மண்டியில் எடுத்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, நாலு தடவை அடிச்சும் போன் எடுக்கலியே" என்று அவர் பிறகு கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

காரணத்தைப் பிறகுதான் அறிந்தோம். முதலில் வந்த 4ஜி போன்கள் பலவற்றில் இணையம் 4ஜியில் ஓடும். பேச்சு 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கிவிடும். 2016-இல் சேவை தொடங்கிய ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அங்கே பேச்சும் 4ஜியிலேயே போக வேண்டும். இதற்கு 'வோல்ட்டி' என்று பெயர். அந்த வசதி இல்லாத போனில் சிம் உயிரோடு இருந்தாலும் சாதாரண அழைப்பு வராது.

இனி, வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. அலைவரிசை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி அலைவரிசைகளை வைத்திருக்கிறது. ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ்; பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு 700, 2100. குறைந்த அலைவரிசை தள்ளுவண்டி போல. சந்துக்குள்ளும் சுவர் தாண்டியும் வரும். உயர்ந்த அலைவரிசை லாரி போல. சுமை அதிகம் ஏற்றும், ஆனால் தெருமுனையிலேயே நின்றுவிடும். போனில் 700 (பேண்ட் 28) இல்லையென்றால், பி.எஸ்.என்.எல். கோபுரம் அந்த அலையை அனுப்பினாலும் குடோனுக்குள் பயன் இல்லை.

2. நிறுவனம் மாறுதல். 2011 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம். எண் கூடவே வரும்; ஆனால் கையிலுள்ள போன் புதிய நிறுவனத்துக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை. மாறுமுன் அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் ஒருவரிடம் வாங்கி, நம் போனில் போட்டுப் பார்க்க வேண்டும்.

3. 5ஜி. இது 2022 அக்டோபரில் தொடங்கியபோது ஏர்டெல் 4ஜியைத் துணையாகக் கொண்டு 5ஜி தந்தது. ஜியோ 4ஜி துணையில்லாத தனி 5ஜி தந்தது. ஆகவே ஒன்றில் 5ஜி காட்டிய போன் மற்றதில் காட்டாமல் போனதுண்டு. பெட்டியில் '5ஜி' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது.

4. வெளிநாட்டுப் போன். அமெரிக்காவில் தவணைக்குத் தரும் போன்கள் பல, அந்த நிறுவனச் சிம்முக்கே பூட்டப்பட்டிருக்கும். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க ஐபோன்களில் சிம் போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். உறவினர் அன்பாகக் கொண்டுவந்தாலும், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சோதனை எளிது. போன் விற்பவரிடம் நம் சிம்மைப் போட்டு, ஓர் அழைப்பு பேசி, ஓர் அழைப்பு வாங்கிப் பார்க்க வேண்டும். மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பேண்ட் எண்களைச் சரிபார்க்கலாம். பொருந்தாவிட்டால் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று பேசி, பில்லில் எழுதி வாங்க வேண்டும். பிறகு கல்லாவிலும், குடோனின் கடைசி மூலையிலும் நின்று பேசிப் பார்க்க வேண்டும், யு.பி.ஐ.யில் ஒரு ரூபாய் வாங்கிப் பார்க்க வேண்டும்.

இன்று ஆர்டரும் பணமும் போன் வழியே வருகின்றன. கடைக் கதவு திறந்திருந்தும் போன் ஊமையாக இருந்தால், வாடிக்கையாளருக்குக் கடை பூட்டியதாகத்தான் பொருள். ஆழம் தெரியாமல் காலை விட்டோம் நாங்கள். நீங்கள் பார்த்து வாங்குங்கள்.